தேதி தாண்டிவிட்டது, பயம் தாண்டவில்லை

கேள்வி: நானும் என் கணவரும் பதினேழு வருடம் ஒரு சபையில் இருந்தோம். ஆண்டவர் இயேசு திரும்பி வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் வருகைக்கு ஒரு வருடத்தையும் மாதத்தையும் குறித்துச் சொன்னார்கள். அதை நம்பி நான் மேல்படிப்பை விட்டேன். அவர் நிரந்தர வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனார். மாதம் வந்தது, போனது. முதலில் 'கணக்கில் சிறு பிழை' என்றார்கள். அடுத்த வருடம், 'வருகை ஆவிக்குரிய விதமாக நிறைவேறிவிட்டது' என்றார்கள். இப்போது, 'நாங்கள் தேதியே சொல்லவில்லை, நீங்களாக எதிர்பார்த்தீர்கள்' என்கிறார்கள். எட்டு மாதமாக நாங்கள் சபைக்குப் போவதில்லை. சகோதரி, சகோதரி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ராத்திரி இடி இடித்தாலோ, வீட்டில் கூப்பிட்டு யாரும் பதில் தராவிட்டாலோ, எல்லாரையும் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் விடப்பட்டேன் என்று உடம்பு நடுங்குகிறது. விடிய விடியப் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறேன். அவர்கள் சொன்னார்களா இல்லையா, எனக்குத்தான் பைத்தியமா? அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 'அன்புச் சகோதரி' என்று தொடங்குவதுதான் வழக்கம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு அந்தச் சொல்லைக் கொஞ்ச காலம் உங்கள் பக்கம் கொண்டுவராமல் இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடியையும் பதில் வராத வீட்டையும் முதலில் எடுத்துக்கொள்வோம். ராத்திரித் தூக்கம் திரும்பாமல் மற்றதை யோசித்துப் பயனில்லை.

நம்பிக்கை போன பிறகும் பயம் ஏன் இருக்கிறது என்று குழம்புகிறீர்கள். வருகையின் கணக்கை நீங்கள் புத்தியால் கற்றீர்கள். வருகையின் பயத்தை உடம்பால் கற்றீர்கள். பதினேழு வருடம், வாரத்துக்குப் பலமுறை, கூட்டத்தோடு கூட்டமாக அழுது, பாடி, நெஞ்சு படபடக்க, 'இன்றிரவே வந்துவிட்டால்?' என்ற கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். வருகையின்போது கேட்கும் என்று சொன்ன எக்காளச் சத்தத்துக்குக் காது தீட்டப்பட்டிருக்கிறது. இடி அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, அவ்வளவுதான். வாதத்தால் வந்தது வாதத்தால் போய்விடும். பழக்கத்தால் வந்தது, எதிர்பார்த்தது நடக்காத அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் தேயும். ஆகவே பயம் வருவதை, 'ஒருவேளை அது உண்மையோ' என்பதற்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள். நாய் கடித்தவருக்குப் பொம்மை நாயைப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

அப்படியானால் எட்டு மாதத்தில் ஏன் தேயவில்லை? வீடு அமைதியாக இருக்கிறது, பயம் வருகிறது, கணவரைக் கூப்பிடுகிறீர்கள், 'இங்கேதான் இருக்கிறேன்' என்ற குரல் வருகிறது, உயிர் வருகிறது. நீங்கள் விவரமாக எழுதாவிட்டாலும் அநேகமாக இப்படித்தான் நடக்கும். அந்த நிம்மதிதான் சிக்கல். கூப்பிட்டதால் தப்பித்தேன் என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த தடவை கூப்பிடாமல் இருக்க முடிவதில்லை.

இதை அவிழ்க்க ஒரு சாதாரண நோட்டு போதும். பயம் வந்ததும் உடனே கூப்பிடாமல் முதல் நான்கைந்து நாள் 2 நிமிடம் பொறுங்கள். அடுத்து 5 நிமிடம், பிறகு 10, பிறகு 20. பீதியின் உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். அந்த இறக்கத்தை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொறுத்திருக்கும்போது 4 எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, 6 எண்ணும்வரை வெளியே விடுங்கள். நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'இரவு 9.40. குளியலறையிலிருந்து வந்தேன், கூடத்தில் அவர் இல்லை, டிவி ஓடுகிறது. பயம் நூற்றுக்கு 85. நினைத்தது: போய்விட்டார். செய்தது: 5 நிமிடம் கூப்பிடவில்லை. நடந்தது: மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். பயம் இப்போது 40.' நினைத்தது என்ன, நடந்தது என்ன என்ற இரண்டையும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்தில் இருபது முப்பது வரி சேரும். உங்கள் சொந்தப் பயத்தின் தீர்க்கதரிசனங்கள் எத்தனை பலித்தன என்ற கணக்கு அதிலேயே இருக்கும்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் ஆறுதல் சொல்வது அன்பால்தான். ஆனால் அது வட்டத்தை நீட்டிக்கிறது. 'நோட்டில் எழுதினாயா?' என்று கேட்டால் போதும். இடிக்குத் தனிப் பயிற்சி: பகல் வேளையில், வீட்டில் ஆள் இருக்கும்போது, இடி ஓசையைக் கைபேசியில் மிகத் தாழ்வாக வைத்து 15 நிமிடம் கேளுங்கள். பயம் பாதியாகக் குறையும் முன் அணைக்காதீர்கள். பாதியில் அணைத்தால் பயத்துக்குத்தான் பயிற்சி கொடுத்ததாக ஆகும். அந்த ஒலி அளவு பழகிய பிறகு ஒரு படி கூட்டுங்கள்.

விடிய விடியப் பத்திரிகை புரட்டுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நேரம் குறியுங்கள். பகலில், மேசையில், 45 நிமிடம், அலாரம் வைத்து. படுக்கைக்கு ஒரு தாள்கூட வரக்கூடாது. அலாரம் அடித்தும் மூட முடியவில்லை, ஒரே பக்கத்தைப் பத்து தடவை சரிபார்க்கிறீர்கள், ஒரே மன்னிப்பு ஜெபத்தை 'சரியாகச் சொன்னேனா' என்று மறுபடி மறுபடி சொல்கிறீர்கள் என்றால், அது தேடலைத் தாண்டி எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்போ ஆளில்லாமல் குரல் கேட்பதோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது ஒரு பக்கம் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எத்தனை வருடம் சபையில் இருந்தீர்கள், எந்தத் தேதி சொல்லப்பட்டது, 'விடப்படுதல்' என்றால் உங்களுக்கு என்ன பொருள் என்று. வெறுமனே 'பயமாக இருக்கிறது' என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இனி, 'எனக்குத்தான் பைத்தியமா' என்ற கேள்வி. சொன்னதைச் சொல்லவில்லை என்று பத்துப் பேர் ஒரே குரலில் சாதித்தால் யாருக்கும் தலை சுற்றும். காகிதத்தைப் பார்ப்பதே வழி. ஆனால் எந்தக் காகிதம் என்பது முக்கியம். பின்னாளில் வந்த தொகுப்பு, மறுபதிப்பு, 'சபை வரலாறு' எதுவும் வேண்டாம். மறுபதிப்பில் வரிகள் மாறுவது புதிதல்ல. அந்த மாதத்துக்கு முன் அச்சான இதழ், தேதியுள்ள துண்டுப்பிரசுரம், கூட்டத்தின் ஒலிப்பதிவு, உங்கள் குறிப்பேடு, நீங்கள் அப்போது உறவினருக்கு எழுதிய கடிதம், வேலையை விட்டபோது உங்கள் கணவர் கொடுத்த ராஜினாமாவின் நகல். இவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி வரையுங்கள். முதலாவது, சொன்னது. இரண்டாவது, செய்யச் சொன்னது. மூன்றாவது, தேதி தாண்டிய பின் சொன்னது. எல்லாவற்றுக்கும் நாள் குறியுங்கள், வார்த்தையை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.

பெரும்பாலானவர்கள் முதல் பத்தியிலேயே மூழ்கிப்போகிறார்கள். அங்கே வழுக்கும். 'நடக்கும்' என்று எழுதாமல் 'நடக்கலாம்', 'எதிர்பார்ப்பது பொருத்தமே' என்று எழுதியிருப்பார்கள். யெகோவாவின் சாட்சிகளின் 1975 விவகாரம் நல்ல உதாரணம். மனிதன் படைக்கப்பட்டு 6000 வருடம் 1975 இலையுதிர் காலத்தில் முடிகிறது என்று 1966இல் அவர்களுடைய புத்தகம் கணக்குக் காட்டியது. அந்த வருடம் முடிவு நிச்சயம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் பல இடங்களில் 'கலாம்'தான் கிடைக்கும். ஆனால் 1974 மே மாதம் ஊழியர்களுக்கான அவர்கள் இதழில், வீட்டையும் சொத்தையும் விற்று மீதி நாட்களை முழுநேர ஊழியத்தில் கழிக்கத் திட்டமிடுகிறவர்களைக் குறிப்பிட்டு, மீதியிருக்கும் குறுகிய காலத்தைக் கழிக்க இது சிறந்த வழி என்று பாராட்டியிருந்தார்கள். அந்தத் தேதியைச் சுற்றி எழுந்த எதிர்பார்ப்பில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்களுடைய காவற்கோபுரம் பத்திரிகை ஒப்புக்கொண்டது 1980இல்.

அதனால்தான் இரண்டாவது பத்தி எனக்கு முக்கியம். 'கலாம்' என்ற ஒரு விகுதியை நம்பி யாரும் வேலையை விடுவதில்லை. படிப்பை விடு, வீட்டை விற்று வா, பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடு என்று யார், எந்தக் கூட்டத்தில், எந்த நாளில் சொன்னார்கள்? விட்டவர்களை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்களா? விடாதவர்களை என்னவென்று அழைத்தார்கள்? தேதி சொல்லவில்லை என்று இன்று சொல்பவர்களிடம் இந்தப் பத்திக்குப் பதில் இருக்காது. கூடவே ஒரு துணைக் கேள்வி: தலைவர்கள் தங்கள் சொத்தை என்ன செய்தார்கள்? தென்கொரியாவில் தாமி மிஷன் என்ற குழுவின் லீ ஜாங் ரிம், 1992 அக்டோபர் 28இல் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று போதித்தார். காணிக்கைப் பணத்தில் அவர் வாங்கியிருந்த பத்திரங்கள் முதிர்வது 1993 மே மாதம். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கைதாகி, மோசடிக்காகச் சிறை சென்றார். எல்லாத் தலைவர்களும் இப்படி ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கணக்கை உளமாற நம்பியவர்கள் நிறைய. உங்கள் சபை எந்த வகை என்பதை அவர்கள் கட்டடம், நில ஒப்பந்தம், சேமிப்பு எல்லாம் எந்த வருடம்வரை திட்டமிடப்பட்டிருந்தன என்பது சொல்லும்.

தேதிக் கணக்கையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். சபையில் அதைப் பிரமாண்டமாகக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது கூட்டலும் பெருக்கலும்தான். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும்வரை என்று தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை 2300 வருடமாக எடுத்தார். ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்பதற்கு எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 வசனங்கள் ஆதாரம். தொடக்கம் கி.மு. 457 என்று வைத்தார். 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருடம் இல்லை. அதைச் சேர்த்தால் 1844. 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை என்று அவர் சொன்ன காலம் வீணானது. பிறகு சாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார். பலர் அறுவடை செய்யாமல் வயலை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 'பெரும் ஏமாற்றம்' என்று வரலாற்றில் பெயர் பெற்ற நாள் அதுதான்.

இதைவிட நுணுக்கமான கணக்கு அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங்குடையது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 33 ஏப்ரல் 1 என்று வைத்து, விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவது அதிலிருந்து 722,500 நாளில் என்றார். 5 பரிகாரம், 10 முழுமை, 17 பரலோகம் என்று எண்களுக்குப் பொருள் கொடுத்து, மூன்றையும் பெருக்கி 850 எடுத்து, அதை அதாலேயே பெருக்கினால் 722,500. நீங்களே பாருங்கள்: 33 முதல் 2011 வரை 1978 வருடம், வருடத்துக்கு 365.2422 நாள் என்றால் 722,449. ஏப்ரல் 1ஐயும் சேர்த்து இன்னும் 51 நாள் எண்ணினால் 2011 மே 21. துல்லியமாக வருகிறது. கூட்டலில் பிழை கண்டுபிடிக்கப் போனால் தோற்றுப்போவீர்கள். தொடக்கத்தையும் பெருக்கும் எண்ணையும் தேர்ந்தெடுத்தது யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்க வேண்டும்.

அரைமணி நேரப் பயிற்சி ஒன்று. வேதாகமத்திலுள்ள காலக்கணக்குகளை ஒரு பக்கம் எழுதுங்கள்: 390, 430, 490, 1260, 1290, 1335, 2300, இவற்றோடு 360ஐ ஏழால் பெருக்கிய 2520. இன்னொரு பக்கம் ஐந்து தொடக்க வருடங்கள்: உங்கள் சபை சொன்னது ஒன்று, எருசலேம் அழிந்த கி.பி. 70, நீங்களாகப் பிடித்த மூன்று. எட்டு எண், ஐந்து தொடக்கம். நாற்பது வருடங்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றாவது உங்கள் ஆயுளுக்குள் விழாவிட்டால்தான் ஆச்சரியம். பிறகு சபை சொன்ன தொடக்க வருடத்தைச் சபைக்கு வெளியே உள்ள சாதாரண வரலாற்று நூலில் சரிபாருங்கள். கிறிஸ்துவின் பரலோக ஆட்சி தொடங்கியது என்று யெகோவாவின் சாட்சிகள் சொல்லும் 1914, பாபிலோனியரிடம் எருசலேம் கி.மு. 607இல் அழிந்தது என்று வைத்து, அதிலிருந்து 2520 வருடம் எண்ணி வருவது. அவர்களே முன்பு 606 என்று வைத்திருந்து, பூஜ்ய வருடச் சிக்கல் தெரிந்ததும் 607க்கு நகர்த்தினார்கள். வந்து சேரும் 1914ஐ நகர்த்தவில்லை. வரலாற்றாளர்கள் சொல்வது 587 அல்லது 586. பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பாபிலோனியக் களிமண் பலகை, எருசலேமை அழித்த அரசன் நேபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆட்சியாண்டில் சந்திரனும் கிரகங்களும் நின்ற இடங்களைப் பதிந்திருக்கிறது. அந்த வானம் கி.மு. 568–567க்குப் பொருந்துகிறது. எருசலேம் அழிந்த அவருடைய 18ஆம் ஆண்டுக்கு 19 வருடம் பின்னால் எண்ணினால் 587.

மூன்றாவது பத்திக்கு வருவோம். உங்கள் சபை வரிசையாகச் சொன்ன மூன்று சாக்கும் பழைய சரக்கு. 'கணக்கில் சிறு பிழை' ஸ்னோவின் காலத்திலேயே இருந்தது. 'ஆவிக்குரிய விதமாக நிறைவேறிவிட்டது' என்பது 1844 அக்டோபர் 23 காலையிலேயே வந்துவிட்டது: தேதி சரிதான், சுத்திகரிப்பு நடந்தது பூமியில் இல்லை, பரலோகப் பரிசுத்த ஸ்தலத்தில் என்று மில்லரைப் பின்பற்றிய ஹைரம் எட்சன் விளக்கினார். கேம்பிங்கும் மே 21 தாண்டியதும் 'நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதமாகத் தொடங்கிவிட்டது, உலகம் அழிவது அக்டோபர் 21' என்றார். அதுவும் தாண்டிய பிறகு, 2012 மார்ச் மாதம், தேதி குறித்தது பாவம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒன்றையாவது பாராட்ட வேண்டும். நான்காவது ஒரு சாக்கும் உண்டு, உங்களுக்கு இனிமேல் வரலாம்: 'நம் ஜெபத்தால்தான் அழிவு நின்றது.' 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும் என்று சிகாகோ அருகே டோரதி மார்ட்டின் என்பவர் வீட்டில் காத்திருந்த குழுவுக்கு, விடியற்காலை 4.45க்கு இதே வகைச் செய்திதான் 'வந்தது'. அந்தக் குழுவைப் பற்றி உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் வேறு இருவரும் 1956இல் எழுதியதை வைத்து, பொய்த்தால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆய்வாளர்களின் ஆட்களே விசுவாசிகள்போல அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாக் குழுவும் இறுகுவதில்லை. 1844இல் ஆயிரக்கணக்கானோர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உங்களைப் போல.

இந்தச் சாக்குகளைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: இந்த விளக்கம் தேதிக்கு முன்பே சொல்லப்பட்டிருந்ததா? 'கண்ணுக்குத் தெரியாத விதமாகவும் நிறைவேறலாம்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் படிப்பை விட்டிருப்பீர்களா?

நம்பிக்கை 'போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'நினைக்கிறேன்' அப்படியே இருக்கட்டும். இந்த வருடமே முடிவு கட்ட வேண்டியதில்லை. கடவுள் உண்டா என்பதும் இந்தச் சபை சொன்னது சரியா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டது சபை. வேதத்தை இன்னும் மதிக்கிறீர்கள் என்றால் உபாகமம் 18:22ஐ முழுசாகப் படியுங்கள். தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்பதோடு அந்த வசனம் நிற்பதில்லை. அவனுக்கு நீ பயப்பட வேண்டாம் என்று முடிகிறது.

இப்போது நடைமுறைக் காரியங்கள், சுருக்கமாக. சபைக்கு விலகல் கடிதம் எழுத அவசரப்படாதீர்கள். பல குழுக்களில் கடிதம் கொடுத்து விலகியவரையும் நீக்கப்பட்டவரையும் ஒரே மாதிரிதான் நடத்துவார்கள். கடிதம் போன மறுநாளே உங்களோடு பேசக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு வரலாம். போகாமல் இருப்பதே இப்போதைக்குப் போதும். சபையை நடத்தும் மூப்பர்கள் வீட்டுக்கு வந்தால், 'இப்போது பேச விருப்பமில்லை, நன்றி' என்று வாசலிலேயே சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உங்களைத் தனியாக உட்கார வைத்து விசாரிக்க இடம் கொடுக்காதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் சான்றிதழ், பத்திரம் எதுவும் சபை அலுவலகத்தில் இருந்தால் இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

உலகம் முடியப்போகிறது என்று வாழ்ந்தவர்கள் தள்ளிப்போட்ட காரியங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: பல், கண், இரத்த அழுத்தம், சர்க்கரை, காப்பீடு, முதுமைக்கான சேமிப்பு. உடம்புப் பரிசோதனையை முதலில் முடியுங்கள். கடன் இருந்தால் வட்டி அதிகமானதிலிருந்து அடையுங்கள். மூன்று மாதச் செலவு கையில் சேரும்வரை வேறு முதலீட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மனமுவந்து கொடுத்த காணிக்கை திரும்புவது கடினம். கடனாகக் கொடுத்தது, வாக்குறுதியின் பேரில் எழுதிக்கொடுத்த சொத்து என்றால் தாள்களோடு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குப் போட காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கணவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஊழியம் செய்த வருடங்களை வெற்றிடமாக விட வேண்டியதில்லை: மேடைப் பேச்சு, புதியவர்களுக்குப் பயிற்சி, கால அட்டவணை, கணக்கு என்று செய்த வேலையின் பெயராலேயே எழுதலாம். நீங்கள் விட்ட படிப்பின் மதிப்பெண் சான்று இன்னும் செல்லுமா என்று அந்தக் கல்வி நிறுவனத்தில் விசாரியுங்கள். சேர்வதா வேண்டாமா என்பது அப்புறம்.

ஓர் எச்சரிக்கை. சந்தேகமில்லாமல் வாழ்ந்து பழகியவருக்குச் சந்தேகத்தோடு இருப்பது பசிபோலக் குடையும். அந்த நேரத்தில் வேறு ஒரு குழு, ஒரு முதலீட்டுத் திட்டம், விலகியவர்களை ஒன்று சேர்க்கும் ஒரு புதிய தலைவர், யார் உறுதியான பேச்சோடு வந்தாலும் இனிக்கும். ஒரு வருடத்துக்குப் பெரிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கடைசியாக அம்மா. உங்கள் மூன்று பத்தித் தாளை அவரிடம் கொண்டுபோகக் கூடாது. அவர் எத்தனை வருடம், எத்தனை உறவு, எவ்வளவு பணம் அங்கே கொடுத்திருப்பார்? தேதி பொய் என்றால் அத்தனையும் வீண் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நீங்கள் ஆதாரத்தை அடுக்க அடுக்க அவர் சாக்குகளை அடுக்குவார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உறுதிப்படும். முதல் மூன்று மாதம் தேதி, சபை, மூப்பர் பற்றி உங்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தை வேண்டாம். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், சின்னதாக ஒரு அழைப்பு. எடுக்காவிட்டால் இரண்டு வரிச் செய்தி. 'ஏன் எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் அது பெரிய வாக்குமூலமாக வராது. 'மூப்பர் போன வருஷம் வேற மாதிரி சொன்னாரே' என்று போகிற போக்கில் விழும். நீங்கள் உடனே பாய்ந்து, 'பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல' என்றால் கதவு மூடிக்கொள்ளும். 'அப்படியாம்மா, அப்போ என்ன சொன்னார்?' என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போங்கள். புதிய தேதி ஏதாவது அடிபட்டால் அது வருவதற்கு முன்பே, சண்டைக் குரல் இல்லாமல் கேளுங்கள்: 'அம்மா, அந்த நாளும் தாண்டிப் போயிட்டா நாம என்ன பண்ணலாம்?' பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வி அவரிடம் இருக்கும். தேதி தாண்டிய மறுநாள் அதை நீங்கள் நினைவுபடுத்த வேண்டியிருக்காது.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டையோ சேமிப்பையோ எழுதிக்கொடுக்கப் போகிறார் என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து பேசுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்பதைவிட 'ஒரு மாதம் கழித்து' என்பதற்கு இணங்க வாய்ப்பு அதிகம். அதேபோல, சுகமாக்கப்பட்டேன் என்று மருந்தை நிறுத்தினால் அவருடைய மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். வாதாட வேண்டியது நீங்கள் இல்லை, மருத்துவர்.

முதல் செய்தியை இப்படி அனுப்பலாம்: 'அம்மா, முட்டி வலி எப்படி இருக்கு? சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூப்பிடுறேன். எடுக்க முடியலைன்னா பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை கூப்பிடுறேன்.' பதிலுக்கு, விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரரைப் பற்றிய ஒரு வசனம் மட்டும் வரக்கூடும். பதில் வசனம் அனுப்பாதீர்கள். 'படிச்சேன்மா. மாத்திரை தீர்ந்துபோச்சா, வாங்கிட்டு வரட்டுமா?' என்று கேளுங்கள்.